ராமாத்தாள் வீட்டுக் கணப்புச் சுவர்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அந்த வீட்டை 1994-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வாங்கியபோது, ஹாலின் வடபுறத்தில் செங்கல்லால் கட்டிய கணப்பு ஒன்று இருந்தது. அதற்கு மேலே ஐந்தடி அகலத்துக்குச் சுவர் சற்று முன்னே துருத்திக்கொண்டு கூரை வரை ஏறியது. உள்ளே புகைபோக்கி. குளிர்காலத்தில் விறகு எரித்தால் வீடு கதகதப்பாக இருக்கும் என்று விற்றவர் சொல்லிவிட்டுப் போனார். கிட்டுசாமி ஒருநாளும் எரிக்கவில்லை. விறகடுப்பு மூட்டுவதற்கா விமானம் ஏறி வந்தோம் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி ராமாத்தாள் காங்கேயத்தில் பிறந்தவள். தந்தை ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தார். கோவையில் ஒரு மகளிர் கல்லூரியில் மனையியல் படித்து முதல் வகுப்பில் தேறினாள். குழந்தை வளர்ச்சி, உணவு, வீட்டின் காற்றோட்டம், வெளிச்சம் எல்லாம் அந்தப் படிப்பில் பாடங்கள். திருப்பூரில் ஒரு மழலையர் பள்ளியில் இரண்டாண்டு ஆசிரியையாக இருந்தாள். 1987-இல் திருமணம், மறுவருடம் நியூ ஜெர்ஸி. கணவரின் விசாவை ஒட்டி வந்த மனைவி சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். ஆகவே எட்டு வருடம் அவள் வேலை செய்யவில்லை. சமைத்தாள், துவைத்தாள், மகள் ரோஷினியைப் பெற்று வளர்த்தாள், சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இலை போட்டாள். இவையெல்லாம் வேலை என்ற கணக்கில் சேராதவை.

சனிக்கிழமை வருகிறவர்களில் இருவர் நிரந்தரம். ஒருவர் வாஞ்சிநாதன், தொலைபேசி நிறுவனம் ஒன்றில் மென்பொருள் எழுதுபவர். மற்றவர் உடுமலைப்பேட்டைத் திருமூர்த்தி. மருந்துத் தொழிற்சாலையில் இரசாயனப் பொறியாளர். கிட்டுசாமியோ நூற்பாலைத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பழங்கணினியைக் கட்டிக்கொண்டு அழுபவர். மூவரும் பொறியாளர்கள் என்பதில் மூவருக்கும் ஐயம் கிடையாது. மூவரில் ஒருவரும் ஒரு செங்கல்லை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்து வைத்ததில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதை அவர்கள் குறையாகக் கருதவில்லை. கொத்தனாருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறவனே பொறியாளன் என்று ஊரிலேயே மனத்தில் பதிந்துபோயிருந்தது.

கிட்டுசாமிக்கு ஒரு பயம் இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. 1991-இல் அலுவலகத்தில் அவருடைய குளிர்கோட்டைத் தொங்கவிட்ட இடத்தில், உடன் வேலை செய்த ஒருவன் வாசனைத் தெளிப்பானை அடித்துவிட்டுப் போனானாம். அன்று முதல் கோட்டு காரிலேயே தொங்கியது. வீட்டுக்குள் வருவதே இல்லை. காரணத்தை அவர் சொல்லாவிட்டாலும், அவருடன் வேலை செய்த இன்னொருவரின் மனைவி மூலம் ராமாத்தாள் தெரிந்துகொண்டாள். தாளிப்பு வாசனை வெளியே போகக் கூடாது, வீட்டிலும் தங்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரன் மூக்கை எட்டவே கூடாது. இந்த மூன்றையும் ஒருசேரச் சாதிக்க 1995-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவருக்கு ஓர் அபூர்வ யோசனை தோன்றியது.

சமையலறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் புகைபோக்கி. அடுப்புக்கு மேலிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாயை அதற்குள் திருப்பிவிட்டால், ஆவியும் வாசனையும் முப்பதடி உயரத்தில் போய் ஆகாயத்தில் கலந்துவிடும். வெளிச்சுவரில் ஓட்டை வேண்டாம். வாஞ்சிநாதன் கணக்குப் போட்டுச் சரி என்றார். திருமூர்த்தி குழாயைப் பிடித்துக்கொண்டார். செங்கல்லில் துளை போட மட்டும் ஆளை அழைத்தார்கள். அவன் இது எதற்கு என்று கேட்டபோது, சொன்னதைச் செய் என்றார்கள். வேலை முடிந்த அன்று மூவரும் புல்வெளியில் நின்று மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார்கள். ஒரு வாசனையும் இல்லை. உள்ளே வந்து ராமாத்தாள் செய்த வெங்காய பஜ்ஜியை ஆளுக்குப் பத்தாகத் தின்றார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் கணப்புக்கு மேலிருந்த சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஓதம் கண்டது. தை மாதத்தில் அது தாம்பாளம் அளவானது. ஓரம் தேநீர்க் கறை போலப் பழுப்பாக இருந்தது. சித்திரை வந்ததும் உலர்ந்தது. தானாகச் சரியாகிவிட்டது என்று மூவரின் சனிக்கிழமைச் சபை தீர்ப்புச் சொன்னது.

1996-ஆம் ஆண்டு ஜூலையில், மனைவியின் வேலைத் தடையையும் நீக்கும் கிரீன் கார்டு வந்தது. கிட்டுசாமி அதை உறையில் போட்டு இரும்புப் பெட்டியில் வைத்தார். ராமாத்தாள் மறுநாளே நூலகத்துக்குப் போய், வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டே கேர் நடத்தப் பதிவு செய்வது எப்படி என்று விசாரித்து வந்தாள். ஐந்து குழந்தைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். பிறகு அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார். தெருவிலேயே மூன்று தாய்மார் அவளிடம் கேட்டிருந்தார்கள். மூவரும் மார்ச்சு மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள். அவளுக்கு வயது முப்பத்தைந்து. எட்டு வருடமாக மடித்து வைத்திருந்த படிப்பை விரித்துப் பார்க்க இதை விட்டால் வேறு வாய்ப்பு வரும் என்று அவள் நம்பவில்லை. குழந்தைகளுக்கென்று காட்டக்கூடிய இடமோ அந்த ஹால் ஒன்றுதான்.

அதிகாரி வருவதற்குள் சுவரைச் சரிசெய்து தருவதாகக் கிட்டுசாமி முன்வந்தார். அவர் முன்வந்ததுதான் முதல் விபத்து.

அக்டோபரில் சபை கூடியது. வாஞ்சிநாதன் நூலகத்திலிருந்து வீட்டுப் பராமரிப்புப் புத்தகங்கள் மூன்று எடுத்து வந்து, மூன்றிலும் தமக்கு ஒத்த பக்கங்களை மட்டும் படித்தார். புகைபோக்கி வெளிச்சுவரில் இருப்பதால் சில்லிட்டுப் போகிறது; ஆகவே குளிரைத் தடுக்கும் இன்சுலேஷன் போட வேண்டும் என்றார். அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிதான் கெடுதல் செய்தது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. துருத்திய சுவர் முழுவதும் இரண்டங்குல நுரைப்பலகையை ஒட்டி, அதன்மேல் பாலித்தீன் விரிப்பை இழுத்து ஆணி அடித்து, அதன்மேல் ஷீட்ராக் என்னும் ஜிப்சம் பலகை வைத்து, வெள்ளையடித்து முடித்தார்கள். கணப்பின் வாயையும் பலகையால் அடைத்து, இண்டு இடுக்கெல்லாம் பிசின் பூசினார்கள். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. மூன்று சனிக்கிழமையும் மதியச் சாப்பாடு, மாலைச் சிற்றுண்டி, நடுவில் இரண்டு தடவை காப்பி.

நவம்பரில் வெள்ளைப் பலகையின் அடிப்பக்கம் பழுப்பாயிற்று. இப்போது மழை என்றார்கள். புகைபோக்கியின் உச்சி திறந்திருக்கிறதே, வேறெங்கிருந்து தண்ணீர் வரும். திருமூர்த்தி ஏணியைப் பிடிக்க, வாஞ்சிநாதன் கீழிருந்து வழிகாட்ட, கிட்டுசாமி கூரையேறிப் புகைபோக்கியின் தலையில் நீல நிறத் தார்ப்பாயை மூடி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். சந்தையில் புளிமூட்டை கட்டுகிறவன்கூட அவ்வளவு அக்கறையாகக் கட்டமாட்டான். அடுப்பிலிருந்து எழும் ஆவி வெளியேற இருந்த ஒரே வழி அத்துடன் அடைபட்டது.

டிசம்பரில் ஹாலில் ஒரு வாடை வந்தது. ஈரத்துணியும் பழைய புளியும் சேர்ந்தாற்போன்ற வாடை. எட்டு வயது ரோஷினி பலகையருகே முகத்தைக் கொண்டுபோய், “அப்பா, இட் ஸ்மெல்ஸ் லைக் யெஸ்டர்டேஸ் ரசம்” என்றாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்று அவளை மாடிக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டில் சரியான விடையைச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

ராமாத்தாள் அதற்கு முன்பே கணக்கு எழுதத் தொடங்கியிருந்தாள். மளிகைக் கடைக்காரர் கொடுத்த முருகன் படம் போட்ட நாட்காட்டி சமையலறையில் தொங்கியது. ஒவ்வொரு தாளிலும் மூன்று சங்கதி குறித்தாள்: மழையோ பனியோ பெய்ததா, அடுப்பில் என்ன எவ்வளவு நேரம் இருந்தது, காலையில் பலகையின் ஈரம் தரையிலிருந்து எத்தனை அங்குலம். மஞ்சள் மண்டிக்காரர் மகளுக்கு, ஈரம் போகாத சரக்கை மூட்டை கட்டினால் என்னாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சபையிடம் மண்டியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. எண்களைத்தான் காட்ட வேண்டும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவர்களைப் பற்றி அவள் வைத்திருந்த கடைசி நல்ல எண்ணம்.

எண்கள் தெளிவாக இருந்தன. ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் வானம் வறண்டு, கடுங்குளிர் மட்டும் அடித்தது. ஈரம் ஏழங்குலத்திலிருந்து பதினொன்றாயிற்று. சனிக்கிழமைப் பந்திக்கு மறுநாள் எப்போதும் ஓரங்குலம் கூடுதல். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஐந்து நாள் டெக்சாஸில் கிட்டுசாமியின் தம்பி வீட்டில் இருந்தார்கள். அந்த ஐந்து நாளும் நியூ ஜெர்ஸியில் மழை கொட்டியதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஈரம் இரண்டங்குலம் இறங்கியிருந்தது.

புத்தாண்டுக்கு அடுத்த சனிக்கிழமை, தாள்களை ஒரு கொத்தாகப் பிடித்துக்கொண்டு அவள் சபை முன் போய் நின்றாள்.

“ஏனுங்க, மழை கொட்டுனப்ப செவுரு காயுது. மானம் வறண்டு கெடக்கறப்ப நனையுது. தண்ணி மேல இருந்து வருலீங்க. நம்ம அடுப்புல இருந்து வருது. அந்த ஃபேனோட ஆவி போக வழியில்லாம உள்ளயே தண்ணியாகி எறங்குது.”

மூவரும் தாள்களைப் பார்த்தார்கள். வாஞ்சிநாதன் ஒரு தாளைத் திருப்பி, அதன் பின்புறம் இருந்த ராசிபலனைப் படித்துக் காட்டினார். சிரிப்பு எழுந்தது.

“சமைக்கறவளுக்குச் செவுரும் சட்டியாத்தான் தெரியும்” என்றார் கிட்டுசாமி. “ஹோம் சயின்ஸ்ல இதெல்லாமா சொல்லிக் குடுத்தாங்க? போ, போய்க் காப்பி போடு.”

அவள் திருமூர்த்தியைப் பார்த்தாள். ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கலங்களைக் கண்காணிப்பதுதான் அந்த மனிதருக்குப் பதினோரு வருடமாகப் பிழைப்பு. ஆவி குளிர்ந்த பரப்பைத் தொட்டால் என்னாகும் என்று தெரிந்துகொண்டதற்காகவே அவருக்குச் சம்பளம் தருகிறார்கள். அவர் தட்டிலிருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டே, அப்படியும் இருக்கலாம், ஆனால் இத்தனை தண்ணீர் வராது அக்கா என்றார். கிட்டுசாமி முகம் கோணாமலிருக்க வேண்டும் என்பதற்காகத் தம் படிப்பை மென்று விழுங்கினார். மற்ற இருவரும் அறியாமல் பேசியவர்கள். அவரோ அறிந்தே பேசினார். அன்றிலிருந்து அவளுக்கு மூவரிலும் மிகக் கீழானவராகத் தோன்றியவர் அவர்தான்.

காப்பி போட்டுக் கொடுத்தாள். திங்கட்கிழமை தொலைபேசிப் புத்தகத்தைப் பிரித்துப் புகைபோக்கி வேலை செய்யும் கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டாள். வந்தவர் மனுவேல் என்ற போர்த்துக்கீசியர், அறுபது வயதிருக்கும், நாற்பது வருடமாகச் செங்கல்லோடு பழகியவர். கணப்பை அடைத்த பலகையைக் கழற்றி, தலையை உள்ளே நுழைத்து, விளக்கடித்து மேலே பார்த்தார். பிறகு விரலால் உட்சுவரைத் தடவி, மோந்து பார்த்து, வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார்.

“அம்மா, உங்கள் புகைபோக்கி நன்றாகச் சாப்பிட்டு வந்திருக்கிறது” என்றார்.

உள்ளே எண்ணெயும் ஆவியும் கலந்து கோந்து போலப் படிந்து, கண்ணீர்த் தாரைகளாக வழிந்திருந்தது. சமையல் குழாயைப் புகைபோக்கிக்குள் விடுவது தீ விதிகளுக்கே விரோதம் என்றார். அடுத்துச் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். தார்ப்பாயை எடுக்க வேண்டும். மழை புகாமல் காற்று மட்டும் போகும் மூடியை உச்சியில் வைக்க வேண்டும். நுரைப்பலகை, பாலித்தீன் எல்லாவற்றையும் உரித்துச் செங்கல்லை மூச்சுவிடச் செய்ய வேண்டும். ஃபேன் குழாயைப் பக்கச்சுவர் வழியே நேரே வெளியே விட வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகு இன்சுலேஷனைப் பற்றி யோசிக்கலாம், அதுவரை வேண்டாம். இத்தனையும் இரண்டு நாள் வேலை.

அன்று மாலை கிட்டுசாமி வீட்டுக்கு வந்ததும் ராமாத்தாள் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஈரத்தின் காரணத்தை அவர் மறுக்கவில்லை. கொத்தனார் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம், மனைவி சொன்னால் ஒப்புக்கொள்ளலாகாது என்பது போலும். ஆனால் பக்கச்சுவரில் துளை என்றதும் எழுந்துவிட்டார். அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரன் கார் நிறுத்தும் பாதையைப் பார்த்தது. அவன் காலையில் கதவைத் திறக்கும்போது இவர்கள் வீட்டுத் தாளிப்பு அவன் முகத்தில் அடிக்கும். மானம் போய்விடும் என்றார். வேறு வழி சொன்னார்: அதிகாரி இருபத்துமூன்றாம் தேதி வருகிறாள், அதற்கு முன்தினம் அடிப்பலகையை மட்டும் அறுத்தெடுத்துப் புதுப்பலகை வைத்து வெள்ளையடித்துவிடுவோம், மூன்று நாள் வெளியே வாங்கிச் சாப்பிடுவோம், அறையில் வாசனைத் தெளிப்பான் அடிப்போம், அவள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள்.

“ஒரு மணி நேரம் செவுரு பாத்தா நல்லா இருந்தாப் போதும்” என்றார். “அப்புறம் நிதானமா ஏதாச்சும் பண்ணிக்கலாம்.”

ராமாத்தாள் அவரைப் பார்த்தாள். பத்து வருடமாக இந்த மனிதர் தனக்கு அஞ்சுகிறவர் போலவும் தன்னை அடக்குகிறவர் போலவும் மாறி மாறித் தோன்றியிருக்கிறார். இப்போது இரண்டுமில்லை. அலுவலகத்தில் எவனோ ஒருவன் கோட்டின்மேல் எதையோ தெளித்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் துணிவில்லாமல், ஆறு வருடமாகச் சொந்த வீட்டுச் சோற்றை ஒளித்து வைக்கிறார். அதற்காகச் சுவர் அழுகினாலும் சரி, அந்தச் சுவரடியில் ஊரார் குழந்தைகள் தூங்கினாலும் சரி.

“இந்த ரூம்ல மூச்சு விடப்போறது கொழந்தைங்க. உங்க கோட்டு இல்லீங்க” என்றாள்.

கோட்டைப் பற்றி அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. போய்த் தொலைக்காட்சியைப் போட்டார்.

மறுநாள் காலை அவர் அலுவலகம் போனதும், அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தேங்காய் உரிக்கும் கத்தியாலும் சுத்தியலாலும் பலகையைப் பெயர்க்கத் தொடங்கினாள். ஷீட்ராக் அடியில் கஞ்சி போலக் கரைந்திருந்தது. பாலித்தீனுக்குப் பின்னால் தண்ணீர் துளித்துளியாகத் தொங்கியது. நுரைப்பலகையின் பின்புறம் கரும்பூஞ்சணம் கோலம் போட்டிருந்தது. மூன்று பொறியாளர்கள் மூன்று சனிக்கிழமையில் கட்டியதை மனையியல் படித்தவள் மூன்று மணி நேரத்தில் மூட்டை கட்டித் தெருவோரம் வைத்தாள். மனுவேல் வந்து தார்ப்பாயை இறக்கி மூடி வைத்தார். பக்கச்சுவர்த் துளைக்கு அவருக்கு நாள் ஒழியவில்லை; மாதக் கடைசியில்தான் வரமுடியும் என்றார். அதுவரை ஃபேனைப் போடாமல், குளிரானாலும் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தாள். கிட்டுசாமி உள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

இருபத்துமூன்றாம் தேதி அதிகாரி வந்தார். ஐம்பது வயது அம்மையார். கையில் அட்டையும் படிவமும். படிக்கட்டுக் கைப்பிடி, மின்சாரப் பிளக் துளைகள், மருந்துப் பெட்டி எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தவர், உரித்த செங்கல்லைப் பார்த்து நின்றார். கீழிருந்து ஒரு சாண் உயரம் வரை செங்கல் கறுத்திருந்தது. கிட்டுசாமி அன்று விடுப்பெடுத்துக்கொண்டு கூடவே நின்றார். வீட்டை அழகுபடுத்தும் வேலை நடக்கிறது, வேறொன்றுமில்லை என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

ராமாத்தாள் இடைமறித்தாள். அவளுடைய ஆங்கிலம் பாடப்புத்தகத்து ஆங்கிலம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் பயனிலை உண்டு. இந்தச் சுவர் ஈரமாக இருக்கிறது. காரணம் எங்கள் தவறு. என்ன தவறு என்று கண்டுபிடித்துவிட்டோம். பாதி சரிசெய்தாயிற்று, பாதி மாதக் கடைசியில் முடியும் என்று சொல்லி, நாட்காட்டித் தாள்களை வரிசையாக மேசையில் பரப்பினாள். தமிழில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினாள். அம்மையார் செங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குழந்தைகளை வைத்துக்கொள்ளும் வீடுகளில் எத்தனையோ புதுவெள்ளையைப் பார்த்திருப்பதாகவும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் தாமாகச் சொன்னதில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, படிவத்தில் தேறவில்லை என்று எழுதினார். ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி மறுபடி வருவதாகவும், சுவர் அன்று உலர்ந்திருந்தால் மட்டும் பதிவு கிடைக்கும் என்றும் கூறி விடைபெற்றார்.

கதவு சாத்தியதும் கிட்டுசாமி மலர்ந்தார். பல நாளாக அவர் முகத்தில் காணாத மலர்ச்சி.

“அரிச்சந்திரன் பரம்பரை. சொன்னத கேட்டிருந்தா இன்னிக்கே கையெழுத்து” என்றார்.

அவள் தோற்றால் தாம் வென்றதாகும் என்ற நினைப்பில் இருபது மைல் காரோட்டி வந்த அதிகாரி முன் நின்றுகொண்டிருந்திருக்கிறார். அந்த அற்பத்தனத்தை அப்படியே விட்டுவிட்டு ராமாத்தாள் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

மாதக் கடைசியில் மனுவேல் பக்கச்சுவரில் துளை போட்டு, குழாயை நேரே வெளியே விட்டார். அன்று ராமாத்தாள் கடுகு, வெந்தயம், பெருங்காயம் எதையும் குறைக்காமல் தாளித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் காரைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாளும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. ஞாயிறு காலைகளில் அவர் வீட்டுக் குழாயிலிருந்து வறுத்த பன்றியிறைச்சியின் வாசனை இரண்டரை வருடமாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதற்கு அவர் ஒருநாளும் கூசியதில்லை. கூச வேண்டும் என்று கிட்டுசாமியும் ஒருநாளும் நினைத்ததில்லை.

சுவர் மெதுவாக உலர்ந்தது. அவசரப்பட்டு ஹீட்டரை வைக்காதீர்கள், செங்கல் விரிசல் விடும் என்று மனுவேல் சொல்லியிருந்தார். சின்ன மின்விசிறி ஒன்றை மட்டும் தரையில் வைத்தாள். பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டங்குலம் இறங்கியது. இரண்டாம் வாரத்தில் ஒன்றுதான். மூன்றாம் வாரத்தில் பனி கொட்டியதும் இறங்குவது நின்றுவிட்டது; அந்த ஆறு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவிலிருந்த தாய்மாரில் ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, வேறிடம் பார்க்கட்டுமா என்று தயங்கிக் கேட்டாள். இருபத்தைந்தாம் தேதி வரை பொறுத்திருக்கச் சொன்னாள் ராமாத்தாள். வெயில் அடித்தபோது ஈரம் மீண்டும் இறங்கியது. கறுப்பு சிவப்பாகி, சிவப்பின்மேல் உப்புப் பூத்து, அதையும் உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுத்தாள். சொன்ன நாளில் அம்மையார் வந்தார். செங்கல்லில் கையை வைத்தார், குனிந்து மோந்தார், மேசையருகே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். வெள்ளையடிக்கவில்லையா என்று கேட்டதற்கு, ஒரு வருடம் இப்படியே இருக்கட்டும் என்றாள் ராமாத்தாள்.

பதிவுச் சான்றிதழ் மார்ச்சு எட்டாம் தேதி, சனிக்கிழமை, தபாலில் வந்தது. அன்று மாலை சபை வழக்கம்போல் ஹாலில் கூடியிருந்தது. எடிசனிலிருந்து புதிதாக வந்த குடும்பம் ஒன்றும் இருந்தது. கிட்டுசாமி அவர்களுக்குச் சுவரைக் காட்டி, ஆவி குளிர்ந்த பரப்பில் படிந்து திரவமாவதை விளக்கிக்கொண்டிருந்தார். இதைக் கண்டுபிடிக்கத் தங்களுக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது என்றார். வாஞ்சிநாதன், தாம் ஆரம்பத்திலேயே ஃபேன் குழாயின்மேல் ஐயப்பட்டதாகச் சொன்னார். திருமூர்த்தி தம் தொழிற்சாலையிலிருந்து உதாரணம் கொடுத்தார். இப்போது தாராளமாக, கையை வீசி. அடுத்தபடியாக வீட்டுக்கு அடியிலிருந்த பேஸ்மென்ட்டுக்கு இன்சுலேஷன் போடுவது பற்றிப் பேச்சு திரும்பியது.

ராமாத்தாள் காப்பித் தட்டுடன் வந்தாள். எல்லோரும் எடுத்துக்கொள்ளும் வரை நின்றாள்.

“ஏனுங்ணா, திங்கக்கெழம காலைல ஏழு மணிக்கு மூணு கொழந்தைங்க வருதுங்க. இனிமே இது அவங்க ரூம். நாளைக்குள்ள உங்க புஸ்தகம், சீட்டுக்கட்டு, அந்த ஏணி எல்லாத்தையும் எடுத்துக்குங்க.”

எங்கே போய் உட்காருவதாம் என்று வாஞ்சிநாதன் பாதி விளையாட்டாகக் கேட்டார்.

“பேஸ்மென்ட்டுக்குப் போங்க. அங்க ஈரமே இல்லீங்க. நீங்க இன்னும் கை வெக்கல.”